ஆட்சார்ட்2-க்கு நன்றி தெரிவித்து ஒரு மனு

பெறுநர்:
எக்ஸெல் வெளியீட்டுப் பிரிவினர்,
மைக்ரோசாஃப்ட் தலைமையகம்,
ரெட்மண்ட், வாஷிங்டன் மாநிலம்.

பொருள்: மேக்ரோ மூலம் வரைபடம் வரைதல் – வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறுதல் – நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.
பார்வை: ரன்டைம் எர்ரர் 438.

ஐயா / அம்மையீர்,

ஒவ்வோர் அலுவலகத்திலும் ‘மேக்ரோ தெரிஞ்சவர்’ என்று ஒருவர் இருப்பார். அப்படி ஒரு பணியிடம் எந்தப் பட்டியலிலும் கிடையாது. அதற்கென்று படியும் கிடையாது. ஆனாலும் மாதக் கடைசியில் மேலாளரே எழுந்து அவர் மேஜைக்கு வந்து, “இந்த சார்ட் போன மாசம் வரைக்கும் ஒழுங்கா வந்துச்சே சார்” என்று நிற்பார். அந்த மரியாதை தாங்கள் போட்ட பிச்சை. எங்கள் இனத்தின் சார்பில் நன்றி சொல்லவே இம்மனு.

முதல் நன்றி 2007 வெர்ஷனுக்கு. 2003 வரை எங்கள் பிழைப்பு ஆட்டம் கண்டிருந்தது. செய்வதை மேக்ரோவாகப் பதியும் ரெக்கார்டரை ஓடவிட்டு, கையால் ஒரு படம் வரைந்து நிறுத்தினால், சார்ட்ஸ்.ஆட் என்று தொடங்கி, லொக்கேஷன் என்று ஷீட்டில் இறக்கி வைப்பதுவரை அது வரிவரியாக எழுதித் தந்துவிடும். யார் வேண்டுமானாலும் மேக்ரோ எழுதலாம் என்றால் தெரிந்தவனை யார் மதிப்பார்கள்? தாங்கள் 2007-ல் வரைபடப் பகுதியையே புதிதாகக் கட்டினீர்கள். ஷேப்ஸ்.ஆட்சார்ட் வந்தது. கூடவே ஓர் அருமையான ஏற்பாடு: படம் உருவானதை ரெக்கார்டர் எழுதும், அதற்குப் பின் நாம் பட்டைக்கு நிறம் மாற்றியது, கோட்டைத் தடிமனாக்கியது எதையும் எழுதாது. சாட்சி பாதியில் பிறழ்ந்த வழக்கு மாதிரி. 2010-ல் அதற்கு மறுபடி பேச்சு வந்தது. நடுவில் ஓடிய மூன்று வருடம் எங்கள் பொற்காலம்; ரெக்கார்டருக்காகவே 2003 போட்ட பழைய பெட்டியை யாரும் எடைக்குப் போடாமல் காத்தார்கள். மேக்காரர்கள் பாக்கியசாலிகள்: அவர்களுக்கு 2008 வெர்ஷனில் மேக்ரோ மொழியான வி.பி.ஏ.-வையே எடுத்துவிட்டீர்கள், 2011-ல் திருப்பித் தந்தீர்கள்.

2013-ல் ஆட்சார்ட்2. பெயரிலேயே தங்கள் கற்பனை வளம் தெரிகிறது. இன்றும் புதிய எக்ஸெலில் ரெக்கார்டரை ஓட்டினால், அது ஆட்சார்ட்2 என்று எழுதி, அடைப்புக்குள் 201 அல்லது 227 என்று ஒரு ஸ்டைல் எண்ணும் போட்டுத் தரும். அதை அப்படியே 2010 உள்ள கிளை அலுவலகத்துக்கு அனுப்பினால் 438: இந்தப் பொருளுக்கு இப்படி ஒரு வழிமுறையே கிடையாது. வட்டாரத்துக்கு ஒரு மேக்ரோ தெரிஞ்சவர் தேவைப்படுவது இப்படித்தான். போதாததற்கு, ரெக்கார்டர் படத்தை ‘சார்ட் 1’ என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுதி வைக்கும். அடுத்த முறை ஓடும்போது பிறக்கும் படத்தின் பெயர் ‘சார்ட் 2’. மேக்ரோ பழைய படத்தைத் திருத்திவிட்டு வரும், அல்லது ஆளைக் காணோம் என்று நின்றுவிடும்.

இதில் எங்களுக்குள் மட்டும் புழங்கும் ஒரு தொழில் ரகசியம் உண்டு. சார்ட்ஆப்ஜெக்ட்ஸ்.ஆட் என்று தாங்களே கட்டிய பழைய பாதை ஒன்று இருக்கிறது. இடம், அகலம், உயரம் கொடுத்தால் 97-லும் ஓடும், 2003-லும் ஓடும், இன்றைக்கு வாங்கும் 365-லும் ஓடும். அதைத் தங்கள் ரெக்கார்டர் இன்று எழுதிக் காட்டுகிறதா? இல்லை. கற்றுக்கொள்ள வருபவர் கண்ணில் உடையும் பாதை மட்டுமே படும்படி வைத்த அந்தப் பெருந்தன்மையை மறக்க மாட்டோம்.

எந்த வெர்ஷன் என்று கேட்டுவிட்டுப் படம் வரையலாமே என்று சிலர் கிளம்பினார்கள். அதையும் பார்த்துக்கொண்டீர்கள். 2007-க்கு 12, 2010-க்கு 14; நடுவில் 13 ராசியில்லை என்று தாண்டினீர்கள். 2013-க்கு 15. பிறகு 2016, 2019, 2021, 2024, 365 எதைக் கேட்டாலும் 16 என்றே பதில் வரும். அதுவும் எண்ணாக வராது, எழுத்தாக வரும். அப்படியே ஒப்பிட்டால் எக்ஸெல் 2000-த்தின் 9 அந்த 16-ஐவிடப் பெரிது. புதுப் படங்களிலும் இதே கதைதான். 2016-ல் வாட்டர்ஃபால், ட்ரீமேப், சன்பர்ஸ்ட் எல்லாம் தந்தீர்கள். 2013-ல் திறந்தால் அங்கே ஒரு வெற்றுப் பெட்டி: இந்தப் படம் உங்கள் வெர்ஷனில் இல்லை, பெட்டியைத் திருத்தினாலோ வேறு வடிவில் சேமித்தாலோ படம் நிரந்தரமாக உடைந்துவிடும். படம் தெரியாதவரிடம், தெரியாத படத்தை உடைக்காதே என்று சொல்லும் அந்தப் பண்பு யாருக்கு வரும்!

பழையதைக் காப்பாற்றத் தெரியாதவர்கள் என்று தங்களை யாராவது ஏசினால் நான் சண்டைக்குப் போவேன். 1900-ம் ஆண்டு லீப் வருடம் இல்லை. ஆனாலும் எக்ஸெல் தேதிக் கணக்கில் 60-ம் நாள் 1900 பிப்ரவரி 29. லோட்டஸ் 1-2-3 செய்த தவறு, அதன் கோப்புகள் கெட்டுவிடக் கூடாதென்று எடுத்துக்கொண்டு இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறீர்கள். எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லாத ஒரு நாளுக்கு அத்தனை விசுவாசம். தங்கள் ரெக்கார்டரே எழுதிய ஒரு வரிக்கு அதில் கால்வாசி போதும்.

தமிழர்களுக்கென்று தனிச் சலுகையும் உண்டு. விண்டோஸில் வி.பி.ஏ. எடிட்டருக்கு யூனிகோடு ஆகாது. தமிழுக்கோ பழைய ஏ.என்.எஸ்.ஐ. கோட்பேஜும் கிடையாது. ஆகவே வரைபடத் தலைப்பில் ‘தமிழ்’ என்று தட்டினால் வரிசையாகக் கேள்விக்குறி. 2980, 2990, 3007, 2996, 3021 என்று எழுத்துகளின் யூனிகோடு எண்களை சி.எச்.ஆர்.டபிள்யூ-வில் ஒவ்வொன்றாக அடுக்கினால் படத்தில் எழுத்து வரும். ‘மாவட்டவாரியாக நெல் கொள்முதல்’ என்ற தலைப்பைக் கேட்ட மேலாளருக்கு இதை விளக்கும்போது எங்கள் மதிப்பு இன்னும் ஒரு படி உயர்கிறது.

ஆட்சார்ட்3 தயாராகிக்கொண்டிருந்தால் எங்களுக்கு மட்டும் ஓர் ஆண்டு முன்பே சொல்லிவிடுங்கள். பொதுமக்களுக்கு வழக்கம்போல் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
மேக்ரோ தெரிஞ்சவர்

இணைப்பு: எக்ஸ்எல்எஸ்எம் கோப்பு ஒன்று. மெயிலில் வருவதால் தங்கள் 2022-ம் ஆண்டுத் தடை அதன் மேக்ரோவை ஓடவிடாது. அந்தத் தடையை அதே ஆண்டு ஜூலையில் தாங்களே விலக்கி, அதே மாதத்தில் தாங்களே மறுபடி போட்டது நினைவிருக்கும். ப்ராபர்ட்டீஸில் ‘அன்பிளாக்’ என்ற கட்டத்தில் டிக் போடவும். வராவிட்டால் தங்கள் அலுவலகத்தில் மேக்ரோ தெரிஞ்சவர் யாரென்று விசாரிக்கவும்.