சாக்ஸ் வாத்தியார்

கேள்வி: கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் வுடன் முதல் நாள் என்ன சொல்லிக்கொடுப்பார்?

பதில்: சாக்ஸ் போட! நிஜமாகத்தான். கலிஃபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக அணிக்கு வந்த நெடுமரங்களை உட்காரவைத்து, சுண்டுவிரல் பக்கம் சுருக்கமில்லாமல் நீவிவிடக் காட்டுவார். ஏழடியைத் தாண்டிய கரீம் அப்துல் ஜப்பாரும் அந்த வகுப்பில் உட்கார்ந்தவர்தான். கொப்புளம் வந்தால் ஆட்டம் போச்சே! மனுஷர் முன்னாள் ஆங்கில வாத்தியார், பழக்கதோஷம். 1948-ல் சேர்ந்தவருக்கு முதல் தேசியப் பட்டம் 1964-ல்தான். இன்றைய நிர்வாகம் என்றால் மூன்றாம் வருஷமே மாலை போட்டு அனுப்பியிருக்கும். 1975-ல் ஓய்வு பெறுவதற்குள் 10 பட்டம். நடுவே தொடர்ந்து 88 வெற்றி. சம்பளம்? வருஷத்துக்கு 35,000 டாலரைத் தாண்டவில்லையாம். இப்போதைய பயிற்சியாளர்களுக்கு அது சாக்ஸ் செலவுக்கே காணாது.