ஜன்னலைத் திறந்தால் ஐஃபில் கோபுரம்

பாரிஸில் வீட்டு வாடகை யானை விலை என்கிறார்கள். அமெரிக்கப் படங்களைப் பார்க்கிறவர்களால் இதை நம்ப முடியாது. ‘ரட்டட்டூயி’ (2007) படத்தில் லிங்குவினி என்ற பையன் ஓட்டலில் குப்பை கொட்டுகிற வேலைக்குச் சேர்கிறான். குடியிருப்பது ஒரு பொந்தில். ஆனால் அந்தப் பொந்தின் ஜன்னலுக்கு வெளியே ஐஃபில் கோபுரம் ஜெகஜ்ஜோதியாக நிற்கிறது! அந்தப் படத்தில் எலியே சமையல் செய்வதைக்கூட நான் ஒப்புக்கொண்டுவிட்டேன். அந்த வாடகைக் கணக்கைத்தான் யாராவது விளக்க வேண்டும்.

கோபுரம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ, கதை அவ்வளவு சிறிதாக இருக்கும் என்பது என் கட்சி. எலிக்கு மட்டும் விலக்கு.

உள்ளூர்க்காரர்களுக்கு இந்த மோகம் கிடையாது. த்ரூஃபோவின் ‘தி 400 ப்ளோஸ்’ (1959) படத்தில் டைட்டில் ஓடும்போது கேமரா காரில் ஏறிக் கோபுரத்தைச் சுற்றுகிறது, கிட்டே போகிறது, கும்பிடு போடாமல் கடந்துவிடுகிறது. அப்புறம் ஒரு நெருக்கடியான ஃபிளாட், பள்ளிக்கு மட்டம் போடும் ஒரு பயல். திருடிய டைப்ரைட்டர் விலை போகாமல், திருப்பி வைக்கப் போன இடத்தில் அகப்பட்டுக்கொள்கிறான். ஜாக் தாத்தி இன்னும் மோசம். ‘ப்ளேடைம்’ (1967) படத்துக்காக ஒரு நகரத்தையே செட் போட்டுக் கடனில் மூழ்கிய மனிதர், கோபுரத்துக்கு ஒதுக்கிய இடம் ஒரு கண்ணாடிக் கதவு. சுற்றுலா வந்த பெண் கதவைத் திறக்கிறாள், அதில் பிம்பமாக ஒரு கணம் தெரிகிறது. அவ்வளவுதான் தரிசனம்.

கோபுரம் எழுந்தது 1889-இல். விக்டர் ஹ்யூகோ 1885-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். இருந்திருந்தால் அதிலுள்ள இருபத்தைந்து லட்சம் ஆணிகளுக்கும் தனித்தனி அத்தியாயம் எழுதியிருப்பார். ‘லே மிஸரபிள்’ (1862) படித்தவர்களுக்கு இது மிகையாகப் படாது. சுத்தானந்த பாரதியார் தமிழில் ‘ஏழை படும் பாடு’ என்று தந்தாரே, 1950-இல் நாகையா நடித்துப் படமாகவும் வந்ததே, அதே கதைதான். தெருவில் துப்பாக்கிச் சண்டை. குண்டடிபட்ட மாரியஸ் என்ற இளைஞனைத் தூக்கிக்கொண்டு நாயகன் ழான் வல்ழான் பாதாளச் சாக்கடைக்குள் இறங்குகிறான். மேலே பட்டாளம். பையன் பிழைப்பானா? நாம் நகத்தைக் கடிக்கிறோம். ஹ்யூகோவோ சாவகாசமாக, பாரிஸ் தன் கழிவை ஆற்றில் விட்டு வருஷத்துக்கு இரண்டரைக் கோடி பிராங்கைக் கடலில் கொட்டுகிறது, வயலுக்கு எருவாகப் போட்டால் என்ன என்று ஆரம்பிக்கிறார். பிறகு சாக்கடையின் பூர்வீகம், யார் காலத்தில் எவ்வளவு தூரம் வெட்டினார்கள், செலவு எவ்வளவு. வல்ழான் கனத்த சுமையோடு இருட்டில் நிற்கிறான். ஆசிரியர் முடிக்காமல் அவன் ஓரடி எடுத்து வைக்க முடியாது.

சுருக்கப் பதிப்புக்காரர்கள் முதலில் கத்தி வைப்பது இங்கேதான். பாவிகள். ஒரு ஊரை நேசிக்கிறவன் அதன் சாக்கடை வரை தெரிந்துவைத்திருப்பான்.

ஃப்ளோபேரின் எம்மா பொவாரி (1857) வேறு ரகம். நார்மண்டியின் மூலையில் உட்கார்ந்துகொண்டு பாரிஸ் வரைபடம் ஒன்றை வாங்கி, விரல் நுனியால் தெருத்தெருவாக நடக்கிறாள். கடைசிவரை அங்கே கால் வைக்கவில்லை. வாடகையில்லாமல் பாரிஸில் குடியிருக்கும் நம் போன்ற வாசகர்களுக்கு அவள்தான் சங்கத் தலைவி. அவளைக் கவிழ்த்தவை நாவலும் கடனும். நான் நாவலோடு நிறுத்திக்கொள்கிறேன்.

உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும்தான் கோபுர மோகம் கிடையாது என்ற என் கணக்கை உடைத்தவர் சிமெனோன். பெல்ஜியத்துக்காரர், அதாவது அசலூர். நியாயப்படி பக்கத்துக்குப் பக்கம் கோபுரம் காட்டியிருக்க வேண்டும். அவருடைய இன்ஸ்பெக்டர் மெக்ரே கதைகளிலோ மழை, மாடிப்படி, வாசல் காக்கும் அம்மாவின் வம்பு. தனக்கென்று துப்பறியும் முறை ஏதும் இல்லை என்று மெக்ரே சொல்லிக்கொள்வார். சந்தேகத்துக்குரியவனை உட்கார வைத்து, பக்கத்துக் கடையிலிருந்து பீரும் சாண்ட்விச்சும் வரவழைத்து, விடிய விடியப் பேசுவார். ஆள் கக்கிவிடுவான். கொலைகாரன் பெயர் எனக்கு மறுநாளே மறந்துவிடும். மெக்ரேயின் மனைவி அடுப்பில் என்ன வைத்திருந்தாள் என்பது மறக்காது. அதனால் ராத்திரி பத்து மணிக்கு மேல் மெக்ரேயைத் தொடுவதில்லை. அந்த நேரத்தில் சமையலறை விளக்கைப் போட்டால் எங்கள் வீட்டிலும் விசாரணை நடக்கிறது, சாண்ட்விச் இல்லாமல்.