தரைதட்டல் இயல்: மரக்காணக் கழியை முன்வைத்து ஓர் ஆய்வு

படகு தரைதட்டினால் அதை விபத்து என்று எழுதுவது பத்திரிகை வழக்கம். ஆழக் கடல் கிடைத்த ஊர்க்காரர்கள் கொண்டுவந்த பார்வை அது. மரக்காணத்திலிருந்து கடப்பாக்கம் வரை நீளும் உப்பங்கழியில் தரைதட்டல் விபத்தாகாது, அதுவே துறைமுகம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் துணிபு.

முதலில் வரையறை. படகுக்காரர் விரும்பிய இடத்தில் படகு நின்றால் அது நங்கூரம் பாய்ச்சுதல். தரை விரும்பிய இடத்தில் நின்றால் அது தரைதட்டல். நிற்றல் இரண்டுக்கும் பொது. இதைத் தன்வினை, பிறவினை என்று பிரிக்கலாமா என ஒரு தமிழாசிரியரிடம் கேட்டேன். "வெயில்ல ரொம்ப அலையாதீங்க" என்றார். அவர் கருத்தும் பதிவு செய்யப்படுகிறது.

மத்தியதரைக் கடல் பக்கம் உல்லாசப் படகில் போகிறவர்கள் பகலெல்லாம் பாய் விரித்து ஓடி, மாலையில் ஒரு குடாவுக்குள் ஒதுங்கி நங்கூரம் போட்டு, மறுநாள் காலை அடுத்த சிற்றூர்த் துறைக்குக் கிளம்புவார்கள். சென்னையிலிருந்து புதுச்சேரிவரை நம் கரையை வரைபடத்தில் பாருங்கள். அளவுகோல் வைத்துக் கிழித்த கோடு. ஒதுங்கக் குடா கிடையாது. சென்னைத் துறைமுகமே கடலுக்குள் கல்லைக் கொட்டிக் கட்டியதுதான். அதற்கு முன் கப்பல்கள் தூரத்தில் நிற்க, ஆளையும் மூட்டையையும் மசூலாப் படகில் ஏற்றி அலைக்கு நடுவே கரை சேர்த்தார்கள், முக்கால்வாசி நனைந்தபடி. ஆக, இந்தக் கரையில் படகு விட நினைப்பவன் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கழிக்குள் வர வேண்டும்.

உள்ளே வந்தால் பக்கிங்காம் கால்வாய் இருக்கிறது. 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் நடுவே தொடங்கிய வெட்டு வேலை, வடக்கே ஆந்திரத்துக்கும் தெற்கே மரக்காணத்துக்கும் நீண்டு, ஏறக்குறைய 420 கிலோமீட்டர் ஆனது. சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டை 1877-78 பஞ்சத்தில் கூலிக்கு வந்த பட்டினி ஜனங்கள் வெட்டினார்கள். பெயர் மட்டும் ஆளுநரான பக்கிங்காம் பிரபுவுக்குப் போயிற்று. விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் இதில் போயின. காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் கழி ஊன்றல், அதுவும் முடியாவிட்டால் கரையில் ஆள் நடந்து கயிற்றால் இழுப்பது. படகின் வேகம் அப்போது இழுப்பவர் சாப்பிட்டாரா என்பதைப் பொறுத்தது.

அந்தப் போக்குவரத்தின் எச்சம் இன்று தண்ணீரில் இல்லை, பெயரில் இருக்கிறது. சேப்பாக்கத்தில் லாக் நகர் உண்டு. லாக் என்பது படகை ஏற்றி இறக்கும் பூட்டு மதகு என்று அங்கே ஆட்டோவுக்குக் காத்திருப்பவர் யாரும் நினைப்பதில்லை. சால்ட் கோட்டர்ஸ் உப்பைக் கொட்டி வைத்த கொட்டாரம் என்பார்கள். 1965, 66 புயல்களோடு கால்வாய் படுத்தது. பிறகு பறக்கும் ரயிலின் தூண்களே மயிலாப்பூர்ப் பக்கம் கால்வாய்க்குள் இறங்கி நின்றன. காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரிவரை செல்லும் தேசிய நீர்வழி 4இல் இந்தக் கால்வாயும் மரக்காணத்தை அடுத்த கழுவேலி ஏரியும் சேரும் என்று 2008இல் அறிவித்தார்கள். இதுவரை தரைதட்டாமல் ஓடுவது அந்த அறிவிப்பு ஒன்றுதான்.

தொன்மைச் சான்று இல்லாமல் ஆய்வு நிற்காது. சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினம் மரக்காணமே என்றும், கிரேக்க மாலுமியின் பெரிப்ளூஸ் குறிக்கும் சோபட்மாவும் இதுதான் என்றும் அறிஞர் பலர் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு வேண்டியது அந்தத் தமிழ்ப் பாட்டில் வரும் ஒரு காட்சி. அலை கொண்டுவந்து போட்ட அகில் கட்டைகள் கரையில் குவிந்து கிடக்கின்றன. பார்ப்பதற்கு ஒட்டகங்கள் படுத்துத் தூங்குவதுபோல இருக்கிறதாம். நெய்தல் பெண்கள் அந்த வாசனை மரத்தை அடுப்பில் வைக்கிறார்கள். இந்தக் கரையில் முதன்முதல் தரைதட்டியதாக ஏட்டில் ஏறியது ஆகவே அகில் கட்டை. அதை யாரும் விபத்து என்று எழுதவில்லை, விறகு என்றே கொண்டார்கள். பாலைவனமே இல்லாத இடத்தில் புலவருக்கு ஒட்டகம் எப்படித் தோன்றியது என்பது வேறு கட்டுரைக்கான பொருள்.

ஊர்ப்பெயரையும் விடக் கூடாது. இந்தக் கரையில் கட்டுமரத்தை வெறுமனே 'மரம்' என்பார்கள். மரத்தைக் கழியில் விட்டுவிட்டு மறுநாள் வந்து, "மரம் காணோம்" என்று ஒருவர் சொல்ல, அதுவே மரக்காணம் ஆயிற்று. இதற்கு ஆதாரம் எதுவுமில்லை. இதே தரத்தில் நம் ஊர்ப்பெயர் ஆராய்ச்சிகள் பல அச்சாகியிருப்பதால் துணிந்து வைக்கிறேன்.

உலகில் நம் பக்கம் யாருமே இல்லையா என்றால், டச்சுக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய வாடன் கடலில் தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துத் தட்டை அடிப் படகை மணலில் வேண்டுமென்றே உட்கார வைத்து, இறங்கி நடந்து, தேநீர் குடித்து, தண்ணீர் ஏறியதும் கிளம்பிப் போகிறார்கள். அதற்கெனத் தனி வினைச்சொல்லே வைத்திருக்கிறார்கள். அங்கே கடல் ஏறி இறங்குவது பல அடி. நம் கரையில் பௌர்ணமி, அமாவாசைக்கே ஒரு மீட்டரை ஒட்டித்தான். ஆகவே டச்சுக்காரர் அட்டவணை பார்த்துத் தரைதட்டுகிறார், நாம் நினைத்த நேரத்தில் தட்டலாம். சுதந்திரம் எங்கே அதிகம் என்பதை வாசகரே முடிவு செய்யட்டும்.

இனிக் கள ஆய்வு. கடப்பாக்கத்தை அடுத்த ஆலம்பரையில், 1750இல் பிரெஞ்சு ஆளுநர் துப்ளேயின் கைக்குப் போய் 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்த கோட்டையின் செங்கல் சுவருக்குக் கீழே, மாசி மாதக் காலையில் ஒரு ஃபைபர் படகில் ஏறினேன். முகத்துவாரத்துக்கு உட்புறமாகத் தெற்கே போய்த் திரும்புவதாகப் பேச்சு. படகோட்டிக்கு ஐம்பது வயது இருக்கும். எஞ்சினைவிடக் கையிலிருந்த மூங்கில் கழியைத்தான் அதிகம் நம்பினார்.

இருபது நிமிடத்தில் 'சர்ர்' என்று, அரிசியில் முறம் உரசுவதுபோல அடியில் ஒரு சத்தம். நின்றுவிட்டோம்.

"எவ்ளோ ஆழம்ணே?"

"மொழங்காலு."

இங்கேதான் இந்த ஆய்வின் முக்கியக் கண்டுபிடிப்பு. வெளிக்கடலில் மீனவர் ஆழத்தைப் 'பாகம்' என்று கணக்கிடுவார்கள். இரண்டு கையையும் விரித்த நீளம், சுமார் ஆறடி. கழிக்குள் வந்தால் கணக்கு கணுக்கால், முழங்கால், தொடை, இடுப்பு. கடலைக் கையாலும் கழியைக் காலாலும் அளக்கிறார்கள். மணல்திட்டு என்பது கைக்கணக்கு முடிந்து கால்கணக்கு தொடங்கும் எல்லை. நீர்வழி வரைபடம் எதிலும் இது காணப்படவில்லை.

வழிகாட்டும் விளக்குகள் உண்டா என்றும் விசாரித்தேன். படகோட்டி மூங்கில் கழியை நீட்டினார். எதிரே ஒரு கொக்கு நின்றிருந்தது.

"அது முட்டி தெரியற எடத்துக்குப் படகு போவாது சார். நாந்தான் உங்ககிட்டப் பேசிக்கிட்டே பாக்காம வுட்டுட்டேன்."

இறங்கினேன். சேறு முதலில் சூடாகவும், கொஞ்சம் கீழே ஜில்லென்றும், அதற்கும் கீழே இடது செருப்பு உருவிக்கொள்ளும் பிடியாகவும் இருந்தது. மேற்கே உப்பளம். பாத்தியில் ஒரு பெண் பலகையால் உப்பை இழுத்து வரப்போரம் சேர்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் உடைந்த கண்ணாடியைக் கூட்டுவது மாதிரிச் சத்தம் மெல்லியதாக வந்தது. அவரும் காலால்தான் ஆழம் பார்த்து நிற்கிறார். அவருக்கு அது சம்பளத்துக்கு. எங்களை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அவர் பார்வையில் வியப்பு இல்லை.

தண்ணீர் ஏற முக்கால் மணி ஆயிற்று. அதற்குள் பனங்கிழங்கு தின்றோம், படகோட்டி மகளின் கல்லூரிக் கட்டணம் பற்றிப் பேசினோம். எந்தக் குடாவில் நங்கூரம் போட்டாலும் இவ்வளவுதானே நடக்கும்? என் துணிபு நிறுவப்பட்டதாகவே எண்ணினேன். பிறகு இருவரும் தோள் கொடுத்துத் தள்ள, படகு மிதந்தது.

கரையேறியதும், தரைதட்டிய நேரமும் பயணமே என்ற கொள்கைப்படி அந்த முக்கால் மணிக்கும் சேர்த்துப் பணத்தை நீட்டினேன். கோட்பாட்டை அவர் கையால் ஒப்புக்கொள்ள வைப்பது நோக்கம்.

"நின்னதுக்கு எப்டி சார் காசு வாங்கறது? ஓடுன நேரத்துக்குத்தான் காசு."

"அப்ப தள்ளுனதுக்குன்னு வெச்சுக்குங்க."

அவர் நோட்டை எண்ணி, கொஞ்சம் யோசித்து, பாதியைத் திருப்பிக் கொடுத்தார்.

"நீங்களுந்தான தள்ளுனீங்க."