மந்திரக்கோல் யார் கையில்?

சென்ற இதழில் ஒரு பதிலில் அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் பெயரைச் சொன்னேன். அவ்வளவுதான், இந்த வாரத் தபாலில் பாதிக்கு மேல் இளையோர் ஃபேன்டஸி நாவல்களைப் பற்றியே வந்திருக்கிறது. கூட்டணிக் கணக்கு கேட்டவர்கள் அடுத்த வாரம் வரை பொறுக்கவும்.

கே: எனக்கு வயது 48. மகள் படிக்கிற யங் அடல்ட் ஃபேன்டஸி நாவல்களை நானும் எடுத்துப் படிக்கிறேன். சரிதானா? – வங்கி ஊழியர், கும்பகோணம்

ப: அவள் முடித்த பிறகு எடுத்தால் சரி.

கே: மந்திரக் கதை ஹீரோ என்றாலே வெள்ளைக்காரப் பையன்தான். கறுப்பு, பழுப்பு ஹீரோக்கள் எல்லாம் இந்தப் பத்து வருட ஃபேஷன்தானே? – மாணவர், விருதுநகர்

ப: பத்து வருடமா? 1968, தம்பி! மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட அதே வருடம் அமெரிக்காவில் வெளிவந்தது லெ குவினின் ‘எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ’. நாயகன் கெட் செம்பழுப்பு நிறம். உயிர்த்தோழன் வெட்ச் நல்ல கறுப்பு. முதல் அத்தியாயத்திலேயே வெள்ளைத் தோலும் மஞ்சள் முடியுமாக ஒரு படை கப்பலில் வந்து இறங்கி ஊர் ஊராகக் கொளுத்துகிறது. ஆடு மேய்க்கிற ஒரு பொடியன் பனிமூட்டத்தைத் திரட்டித் தன் கிராமத்தையே மறைத்து, வந்தவர்களைத் திக்குத் தெரியாமல் அலையவிடுகிறான். அவன்தான் பின்னால் கெட்.

இதில் லெ குவின் செய்த சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். நாயகனின் நிறத்தை அவர் தண்டோரா போடவில்லை. வாசகனைக் கதைக்குள் நன்றாக இழுத்துக்கொண்டு போன பிறகு, போகிற போக்கில் சொல்கிறார். வெள்ளைக்காரப் பையன் ஒருவன் சுதாரிப்பதற்குள் செம்பழுப்புத் தோலுக்குள் புகுந்து நடுக்கடலுக்கு வந்திருப்பான். இனி எங்கே திரும்புவது?

முதல் பதிப்பில் ரூத் ராபின்ஸ் வரைந்த அட்டை முகம் கதைக்கு விசுவாசமான முகம். அதன் பிறகு வந்த பல பதிப்புகளின் அட்டையில் கெட் வெளுத்துக்கொண்டே போனான். 2004இல் அமெரிக்கத் தொலைக்காட்சி அவனை முழு வெள்ளையனாகவே ஆக்கிவிட்டது. வழிகாட்டி ஒஜியனாக மட்டும் கறுப்பின நடிகர் டேனி க்ளோவரை வைத்துக்கொண்டார்கள். நாயகனுக்குத் தேடிப் பிடித்தது ஒரு வெள்ளை நடிகரை. லெ குவினுக்கு அப்போது 75 வயது. சும்மா இருக்கவில்லை. எர்த்ஸீக்கு வெள்ளையடித்துவிட்டார்கள் என்று ‘ஸ்லேட்’ இதழில் கட்டுரை எழுதி வெளுத்து வாங்கினார். சார்ல்ஸ் வெஸ் படங்களோடு ஐம்பதாம் ஆண்டுத் தொகுப்பு தயாரானபோது, ஓவியரோடு பல வருடம் சேர்ந்து வேலை செய்தார். 2018 அக்டோபரில் அந்தப் புத்தகம் கடைக்கு வந்தது. அந்த ஜனவரியிலேயே அவர் காலமாகியிருந்தார்.

கே: உள்ளே கதை நன்றாக இருந்தால் போதாதா? அட்டைப்படத்துக்கு இவ்வளவு கோபமா? – இல்லத்தரசி, தென்காசி

ப: ஆம், இவ்வளவு கோபம்தான். ஆஸ்திரேலிய எழுத்தாளர் ஜஸ்டின் லார்பலெஸ்டியேயின் ‘லையர்’ நாவலுக்கு 2009இல் என்ன நடந்தது தெரியுமா? நாயகி மைக்கா ஒட்ட வெட்டிய முடியுள்ள கறுப்பினப் பெண். ப்ளூம்ஸ்பெரி அமெரிக்காவில் தயாரித்த அட்டையிலோ நீண்ட, நேரான கூந்தலோடு ஒரு வெள்ளைப் பெண். ‘பொய்யர்’ என்று பெயர் வைத்த கதையில் அட்டையே முதல் பொய்யைச் சொன்னது! ஆசிரியரே வெளிப்படையாக எதிர்த்து எழுதினார், வாசகர்கள் கொதித்தார்கள், புத்தகம் வெளிவருவதற்கு முன்பே அட்டையை மாற்றினார்கள். பாடம் கற்றார்களா? 2010 ஜனவரியில் அதே பதிப்பகம், ‘மேஜிக் அண்டர் க்ளாஸ்’ என்ற ஃபேன்டஸி. நாயகி கறுத்த நிறம், அட்டையில் வெளுத்த நிறம். மறுபடி கண்டனம், மறுபடி புது அட்டை.

கறுப்பு முகம் அட்டையில் இருந்தால் விற்காது என்பது அந்தத் தொழிலில் காலங்காலமாக ஓடுகிற பேச்சு என்று லார்பலெஸ்டியே எழுதினார். அந்த முகத்தை அட்டையில் போட்டு, கண்ணில் படுகிற அலமாரியில் வைத்து, விளம்பரமும் கொடுத்து, அதன் பிறகும் விற்கவில்லை என்றால் சொல்லட்டும். கடைக்குள்ளேயே விடாத சரக்கு எப்படி விற்கும்?

கே: இந்த நாவல்கள் எல்லாம் ஏன் மூன்று பாகமாகவே வருகின்றன? – கோபிசெட்டிபாளையம் வாசகர்

ப: இரண்டாம் பாகம் முழுக்க நடந்துகொண்டே இருப்பதற்கு.

கே: நேரமில்லை. ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்கள். – மருத்துவ மாணவி, மதுரை

ப: என்னெடி ஒகோராஃபரின் ‘அகாடா விட்ச்’ (2011). சன்னி என்ற பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. நியூயார்க்கில் பிறந்து நைஜீரியாவில் வளரும் இக்போ வீட்டுப் பிள்ளை. அல்பினோ. கால்பந்து என்றால் உயிர். ஆனால் வெயில் அவள் தோலுக்கு ஆகாது. பகல் ஆட்டம் கிடையாது. பள்ளியில் அடியும் கேலியும் உண்டு. இவளுக்கு ஒருநாள் ‘சிறுத்தை மக்கள்’ என்ற மந்திரக் கூட்டத்தின் உறவு கிடைக்கிறது. வெளியுலகம் உங்களிடம் எதைக் குறை என்று சொல்லியதோ, அங்கே அதுவே உங்கள் சக்தியின் ஊற்று.

அவர்களுடைய நாணயத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்கு இன்று தூக்கம் வராது. அதன் பெயர் ‘சிட்டிம்’. வளைந்த உலோகக் கம்பிகள். புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்ட அந்த நொடியில் அவை எங்கிருந்தோ கலகலவென்று உங்கள் காலடியில் விழும்! படித்துப் புரிந்துகொண்டாலும் விழும், பட்டுத் தெரிந்துகொண்டாலும் விழும். அறிவு ஏறினால்தான் கூலி. அதிலும் செம்புதான் உச்சம். தங்கத்துக்குத்தான் கடைசி மதிப்பு. அந்த ஊரில் அட்சய திருதியைக்கு யாரும் நகைக்கடை வாசலில் நிற்க மாட்டார்கள். மருத்துவம் படிக்கிற உங்களுக்கு இந்நேரம் விடுதி அறை நிரம்பியிருக்கும்.

இந்தக் கதையை ஒரு லண்டன் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் நடத்த முடியாது. சன்னி படிக்கப் பழகுகிற ‘ன்சிபிடி’ குறியெழுத்து தென்கிழக்கு நைஜீரியாவில் உண்மையிலேயே புழங்கியது. மந்திரமே அந்த மண்ணில்தான் முளைத்திருக்கிறது. முகத்தை மட்டும் மாற்றிவிட்டு மற்றதெல்லாம் பழைய கோட்டை, பழைய கோபுரம், பழைய வாள் என்று எழுதுகிறவர்கள் இதை ஒருமுறை படிக்க வேண்டும்.

கே: அகாடா விட்ச் சினிமாவாக வருமா? – திருவள்ளூர் வாசகர்

ப: புத்தகமாக வந்துவிட்டதே!

கே: நண்பர்கள் கூட்டத்தில் ஒரு கறுப்பர், ஒரு ஆசியர், ஒரு மாற்றுத்திறனாளி என்று எண்ணி எண்ணிச் சேர்க்கிறார்களே, செயற்கையாக இல்லையா? – ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

ப: எண்ணிச் சேர்த்தால் செயற்கைதான் ஐயா. கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். அந்தப் பாத்திரத்தை உருவிவிட்டுக் கதையைச் சொல்லிப் பாருங்கள். கதை அசையாமல் நின்றால், அது வெறும் ஊர்வலப் பொம்மை. ஹீரோவுக்கு புத்தி சொல்லிவிட்டு இருபதாவது அத்தியாயத்தில் செத்துப்போகிற கறுப்பு நண்பன் அந்த ஜாதி. அப்படிப்பட்ட நாவலை நான் அந்தப் பக்கத்திலேயே மூடிவிடுவேன்.

லீ பார்டுகோவின் ‘சிக்ஸ் ஆஃப் க்ரோஸ்’ (2015) எடுத்துக்கொள்ளுங்கள். திருட்டுக் கூட்டத் தலைவன் காஸ் பிரெக்கர் கைத்தடி ஊன்றி நடப்பவன். அந்தத் தடிதான் அவன் ஆயுதம், அடையாளம், திமிர் எல்லாம். அவன் வலி மந்திரத்தால் தீர்ந்துவிடும் என்று ஆசிரியர் ஆசைகாட்டுவதில்லை. எழுதிய பார்டுகோவே எலும்புத் திசு நலியும் நோயால் கைத்தடி பிடித்தவர். படிக்கட்டு எப்போது வரும் என்று தெரிந்தவர் எழுதிய நடை அது.

கே: நாவல்களில் கறுப்பு நிறத்தை அழகாக வருணிப்பது எப்படி? நானும் எழுதிப் பார்க்கிறேன். – புதுமுக எழுத்தாளர், ஓசூர்

ப: காபி, சாக்லேட், இலவங்கப்பட்டை, காய்ச்சிய வெல்லம் என்று ஆரம்பிக்காதீர்கள். வெள்ளைக்காரப் பாத்திரத்துக்கு மாவு, மோர் என்று யாரும் எழுதுவதில்லை. கறுப்பு என்றால் கறுப்பு என்று எழுதுங்கள். அழகாகத்தான் இருக்கும்.

கே: திருநம்பி ஒருவன் நாயகனாக வரும் நாவலை என் அக்கா மகன் படிக்கிறான். இந்த வயதில் இதெல்லாம் தேவையா? – பெயர் வேண்டாம், ஈரோடு

ப: எய்டன் தாமஸின் ‘செமட்டரி பாய்ஸ்’ (2020) என்று நினைக்கிறேன். கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் ஒரு கல்லறைத் தோட்டம். அதைக் காக்கிற லத்தீன் அமெரிக்கக் குடும்பம். அந்தக் குலத்தில் ஆண்கள் இறந்தவர்களின் ஆவியை வழியனுப்புவார்கள், பெண்கள் நோய் தீர்ப்பார்கள். யாட்ரியேல் ஆண் என்பதைக் குடும்பம் ஏற்கத் தயங்குகிறது. அவனைக் குலத்தில் ஆணாகச் சேர்க்கும் சடங்கைச் செய்துவைக்க ஆளில்லை. ஒன்றுவிட்ட சகோதரியைத் துணைக்கு வைத்துக்கொண்டு ராத்திரியில் தானே செய்துகொள்கிறான். குலதெய்வம் அவனை அப்போதே ஏற்றுக்கொண்டுவிடுகிறது. சொந்தக்காரர்களுக்குத்தான் மீதிப் புத்தகம் முழுக்கத் தேவைப்படுகிறது.

தேவையா என்றால், அக்கா மகனுக்கும் தேவை, அவன் முடித்ததும் வாங்கிப் படித்தால் உங்களுக்கும் நல்லது. ஆவியாக வருகிற ஹூலியான் அடிக்கிற லூட்டி தனி.

கே: லெ குவின் லெ குவின் என்கிறீர்கள். அவரே வெள்ளைக்காரர்தானே? மற்றவர்கள் கதையை அவர் எழுதலாமா? – ஆய்வு மாணவி, பாண்டிச்சேரி

ப: நல்ல கேள்வி, விளையாட்டாகப் பதில் சொல்ல மனமில்லை. லெ குவினின் தந்தை ஆல்ஃபிரட் க்ரோபர், பெர்க்லியின் புகழ்பெற்ற மானிடவியலாளர். கலிஃபோர்னியப் பழங்குடிகளைப் பற்றி வாழ்நாள் முழுக்க எழுதியவர். அந்த மக்களின் கதையும் எலும்பும் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த விதத்தை இன்று அவர்களின் வாரிசுகள் கேள்வி கேட்கிறார்கள். 2021 ஜனவரியில் பெர்க்லியில் ஒரு கட்டடத்திலிருந்து க்ரோபர் பெயரையே நீக்கினார்கள். எர்த்ஸீயில் மகள் எந்த மக்களின் கதையையும் எடுத்துக்கொள்ளவில்லை. தானே ஒரு தீவுக்கூட்டத்தைப் படைத்து அதில் பெரும்பாலோரைக் கறுப்பாகவும் பழுப்பாகவும் வைத்தார். எழுதலாம் என்பதே என் கட்சி.

ஆனால் அதோடு நின்றுவிட்டால் அநியாயம். டேனியல் ஹோசே ஓல்டரின் ‘ஷேடோஷேப்பர்’ (2015) படியுங்கள். ப்ரூக்ளினில் சியெரா என்ற போர்ட்டோரிக்க வம்சாவளிப் பெண் சுவரில் ஓவியம் தீட்டிக்கொண்டிருக்கிறாள். பக்கத்துச் சுவரில் மங்கிப்போன ஒரு கிழவரின் ஓவியம். அதன் கண்ணிலிருந்து ஒரு சொட்டு நீர் இறங்குகிறது. ஆவிகளை ஓவியத்துக்குள் இறக்கும் கலை அவள் குடும்பத்தின் சொத்து. அதைக் கவர்ந்துகொள்ள அலைகிற வில்லன் யார்? ஒரு மானிடவியல் பேராசிரியர்! லெ குவின் வீட்டு உணவு மேஜையில் இந்த வில்லனை யோசித்திருக்க முடியாது. ஓல்டர் போன்றவர்கள் எழுத வந்தால்தான் இந்தப் பக்கத்துக் கணக்கு நமக்குத் தெரியும்.

கே: இவ்வளவு பேர் சொல்கிறீர்களே, அப்படியானால் நிலைமை மாறிவிட்டது என்று அர்த்தமா? – திருநெல்வேலி வாசகர்

ப: விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சிறுவர் நூல் மையம் ஒன்று 1985இலிருந்து எண்ணிக்கொண்டு வருகிறது. அந்த முதல் வருடம் அமெரிக்காவில் வெளியான சுமார் 2,500 சிறுவர், இளையோர் நூல்களில் கறுப்பினத்தவர் எழுதியவை, வரைந்தவை வெறும் 18. 2018 கணக்கில் நாயகர்களில் வெள்ளையர் 50 சதவீதம். கறுப்பினத்தவர் 10, ஆசியர் 7, லத்தீனியர் 5, பூர்வகுடிகள் 1. கூட்டினால் 23. மிருகங்களும் பொருள்களும் 27! அந்த வருடம் அங்கே நிறமுள்ள பிள்ளைகள் எல்லோரும் ஒன்று சேர்ந்து நின்றாலும் கரடியையும் ரயில் எஞ்சினையும் ஜெயித்திருக்க முடியாது.

கே: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் ஒரு மந்திரக் கதை எழுதுகிறாள். நாயகி பெயர் எமிலி, பொன்னிற முடி, நீலக் கண். “உன்னை மாதிரி ஒரு பெண்ணை எழுதேன்” என்றால், “அம்மா, அந்த மாதிரிப் பெண்களுக்கு இதெல்லாம் நடக்காது” என்கிறாள். என்ன சொல்ல? – ஒரு தாய்

ப: அம்மா, உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உங்கள் மகள் தனியாக இல்லை. எழுத்தாளர் சிமமாண்டா அடிச்சி நைஜீரியாவை விட்டு வெளியே கால் வைக்காத ஏழு வயதில், நீலக் கண்ணுள்ள வெள்ளைக் குழந்தைகள் பனியில் விளையாடி ஆப்பிள் தின்பதாகக் கதை எழுதினார். 2009இல் ஒரு மேடையில் அவரே இதைச் சொன்னார். படித்த புத்தகம் எல்லாம் அப்படி இருந்தன. கதை என்றால் அப்படித்தான் என்று பிள்ளை நினைத்துவிட்டது. நாவலாசிரியர் டோமி அடியெமியும் சிறுவயதில் பல வருடம் தன் நாயகிகளை வெள்ளையராகவோ கலப்பினத்தவராகவோ மட்டுமே எழுதியதைப் பிற்பாடு உணர்ந்து அதிர்ந்திருக்கிறார். அவர்தான் பிரேசிலின் சால்வடார் நகரில் மேற்கு ஆப்பிரிக்க யொரூபா மக்களின் தெய்வ உருவங்களைக் கண்டு திகைத்து நின்று, 2018இல் ‘சில்ட்ரன் ஆஃப் ப்ளட் அண்ட் போன்’ எழுதினார்.

உங்கள் மகள் சொன்னது அவள் படித்த அலமாரியைப் பற்றிய சரியான தகவல். ஆகவே அவளைத் திருத்த வேண்டாம், அலமாரியைத் திருத்துங்கள். ருடீன் சிம்ஸ் பிஷப் என்ற கல்வியாளர் 1990இல் எழுதினார்: பிள்ளைக்குப் புத்தகம் சில சமயம் அடுத்தவரைப் பார்க்கும் ஜன்னல், சில சமயம் தன்னைப் பார்க்கும் கண்ணாடி. உங்கள் வீட்டில் ஜன்னல் நிறைய இருக்கிறது போலும். நான் மேலே சொன்ன புத்தகங்களில் இரண்டு மூன்றை அவள் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். “இது உன்னை மாதிரிப் பெண்ணின் கதை” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், பாடப்புத்தகம் ஆகிவிடும். எமிலியையும் பாதியில் நிறுத்தச் சொல்லாதீர்கள். கதையை முடிக்கத் தெரிந்துகொள்வது பெரிய வித்தை, அதை எமிலியை வைத்தே கற்றுக்கொள்ளட்டும். எழுதி முடித்ததும் அவள் சம்மதித்தால் எனக்கு அனுப்புங்கள். நான் படிக்க ஆசைப்படுகிறேன்.

கே: என் மகனுக்கு 11 வயது. மகாபாரதம் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறான். எதில் ஆரம்பிக்கலாம்? – சேலம் வாசகி

ப: ரோஷனி சோக்ஷியின் ‘ஆரு ஷா அண்ட் தி எண்ட் ஆஃப் டைம்’ (2018). அட்லாண்டாவில் ஒரு அருங்காட்சியகம். தொடக் கூடாத விளக்கை, வகுப்புத் தோழர்கள் உசுப்பேற்றியதற்காக ஸ்பைடர்மேன் பைஜாமாவோடு போய் ஏற்றிவிடுகிறாள் ஆரு. உலகம் உறைகிறது. பாண்டவர்கள் இந்த முறை பெண்களாகப் பிறந்திருக்கிறார்கள்; இவள் இந்திரன் மகள், கூட வருகிற மினி எமதர்மராஜன் மகள். மினிக்கு எதைப் பார்த்தாலும் அலர்ஜி. சகுனியும் உண்டு. எந்த உருவத்தில் என்பதை நான் சொல்ல மாட்டேன், உங்கள் மகனே பாட்டியிடம் ஓடிப்போய்ச் சொல்லட்டும்.