செட்டு யாருது?

ஒரு வாடிக்கையாளர் மாதம் தவறாமல் வாடகை கொடுக்கிறார் என்றால், ஒருநாள் அவர் உட்கார்ந்து கூட்டிப் பார்க்கப்போகிறார் என்று அர்த்தம். மைக் செட் தொழிலில் இருக்கிற யாரும் அந்த நாளை எதிர்பார்த்தே இருக்கவேண்டும்.

எனக்கு அந்த நாள் பாளையங்கோட்டைப் பக்கம் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரால் வந்தது. பெயர் வேண்டாம், அவர் பத்திரிகை வாசிக்கிறவர். நான் கொடுத்த பில்லையெல்லாம் கம்பியில் குத்தி வைத்திருந்தார். கம்பியோடு தூக்கி மேஜையில் வைத்தார்.

“ஏடே, ரெண்டு வருசமா உனக்கு அழுத வாடகையில நானே ஒரு செட்டு வாங்கிப் போட்டுருப்பேன். பேசாம இதையே எனக்கு வித்துட்டுப் போயேன்.”

கூட்டலில் தப்பில்லை. நானும் மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். அவர் சொன்னதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வந்தது. அதை நான் சொல்லவில்லை.

மொத்தமாகப் பணம் வரும் என்றதும் என் மனசும் லேசாக ஆடத்தான் செய்தது. செட்டுக்கு வயசாகிவிட்டது. ஆடிட்டர் ஏட்டில் வருஷத்துக்கு 15 சதவீதம் தேய்மானம் எழுதுவார். ஒரு ரிசப்ஷனில் ஆர்க்கெஸ்ட்ராக்காரன் தேய்க்கிற தேய்ப்பு அவருக்குத் தெரியாது. வரி விஷயத்திலும் வித்தியாசம் இல்லை. புது செட்டை விற்றாலும் 18 சதவீதம் ஜிஎஸ்டி, வாடகைக்கு விட்டாலும் 18. இந்த ஒரு இடத்தில் அரசாங்கம் நடுநிலைமையாக நிற்கிறது.

ஆனால் முன்பு வேறொரு மண்டபத்துக்கு விற்ற அனுபவம் எனக்கு உண்டு. ஆம்பிளிஃபயரை 4 ஓம்ஸுக்குக் கீழே இறக்கக்கூடாது, ஆகவே ஒரு லைனில் 8 ஓம்ஸ் பெட்டி ரெண்டுதான் என்று எழுதி, லேமினேட் செய்து, அதன் நெற்றியிலேயே ஒட்டிக் கொடுத்தேன். ஆயுத பூஜை வந்தது. மேனேஜர் பக்திமான்; அந்த அட்டையின் மேலேயே சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்துவிட்டார். அடுத்த முகூர்த்தத்தில், பந்தியில் பாட்டு கேட்கவில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் குறைப்பட்டார்கள். மேனேஜர் எங்கேயோ கிடந்த ரெண்டு பெட்டியை எடுத்து அதே லைனில் முறுக்கிவிட்டார். நாலு பெட்டி சேர்ந்ததும் 2 ஓம்ஸ். தாலி கட்டுகிற நேரத்துக்குச் சற்று முன்னால் எனக்குப் போன் வருகிறது: “உங்க செட்டு புகையுது சார், உடனே வாங்க.”

ரசீது அவர்களிடம். வாரண்டி கார்டு அவர்களிடம். பெட்டியின் முதுகில் மண்டபத்தின் பெயரைச் சிவப்பு பெயிண்டில் எழுதியும் ஆயிற்று. புகை மட்டும் என்னுடையது. ஓடினேன். வேறு ஆம்பிளிஃபயரை மாட்டினேன். அதற்கு வாடகை கேட்டபோது, “விக்கும்போது நல்லா சிரிச்சுப் பேசினியளே” என்றார்கள்.

விற்றபிறகு ஓடினால் அது கடமை. வாடகைக்கு விட்டு ஓடினால் அது சர்வீஸ். ஓட்டம் ஒன்றுதான், பில் போட முடிகிறதா என்பதில்தான் விஷயம்.

இதைச் சொன்னால் அண்ணாச்சி கேட்பாரா? “என் மேனேஜர் அப்படி இல்லடே” என்றார். எல்லா மேனேஜரும் அப்படி இல்லாதவர்கள்தான், பந்தியில் பாட்டு கேட்காமல் போகிறவரை.

சரி என்று மைக்கைக் கையில் எடுத்தேன். ஷூர் கம்பெனியின் எஸ்எம்58. 1966-இல் வந்த மாடல். கீழே போட்டாலும் பாடும் என்று உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது. அதைச் செய்தவர்கள் நம் ஊர் வாழ்த்துரையைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. வாழ்த்த வருகிறவர் முதலில் மோதிர விரலால் மைக்கின் தலையில் நாலு தட்டுத் தட்டுவார். பிறகு அடுப்பு ஊதுகிற மாதிரி இரண்டு ஊது. அப்புறம்தான் “கேக்குதா?” கேட்கிறது என்று சமையற்கட்டிலிருந்துகூடப் பதில் வந்திருக்கும், ஆனாலும் இன்னொரு தட்டு. முகூர்த்தம் முடிந்து வலைத்தொப்பியைத் திருகிக் கழற்றினால், உள்ளே இருக்கும் பஞ்சில் அன்றைய நிகழ்ச்சி நிரல் முழுக்கப் பதிவாகியிருக்கும். ஓரத்தில் வெற்றிலைச் சிவப்பு, நடுவில் லிப்ஸ்டிக், பாயசமா பன்னீரா என்று தீர்மானிக்க முடியாத ஒரு வாசனை. அதைச் சோப்புத் தண்ணீரில் அலசி, பிழிந்து, நன்றாக உலர்த்தி மறுபடி வைக்க ஒரு ஆள் வேண்டும். அந்தப் பையனை நான் விற்பதாக இல்லை.

அண்ணாச்சி பஞ்சை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் கணக்கை விடவில்லை. “சரி, மாசக் குத்தகைன்னு வச்சுக்கிடுவோம். ஆனா ஆடிக்கும் மார்கழிக்கும் வாடகை கிடையாது. எனக்குக் கல்யாணமே இல்லையே.”

மண்டபத்துக்காரருக்கு வருஷம் பன்னிரண்டு மாதமாக இருப்பதில்லை. ஆடியும் மார்கழியும் கழிந்துவிடும். புரட்டாசியிலும் பல வீடுகளில் கல்யாணம் வைக்கமாட்டார்கள். எனக்கோ ஆடி என்றால் அம்மன் கோயில் கொடை. வில்லுப்பாட்டு ஒன்றுக்கே புலவருக்கு, பின்பாட்டுக்கு, குடத்துக்கு, உடுக்குக்கு என்று மைக் நீண்டுகொண்டே போகும். கணியான் கூத்தில் மகுடத்துக்கும் மைக் கேட்பார்கள். அது என் கருத்தில் வீண்செலவு, மகுடச் சத்தம் அடுத்த ஊருக்கே போகும். ஆனால் வைக்காவிட்டால் விழாக்குழுவுக்கு மனசு ஆறாது. புரட்டாசியில் குலசை தசரா. அவர் செட்டை மூடி வைக்கிற மாதத்தில்தான் எனக்கு அது சோறு போடுகிறது. விற்றுவிட்டால் அந்தப் பெட்டிகள் மண்டபத்து ஸ்டோர் ரூமில், உடைந்த நாற்காலிகளுக்குப் பின்னால், எலிக்கு வயர் வளர்த்துக்கொண்டு கிடக்கும்.

அவரை மடக்கலாம் என்று பெரிய உதாரணம் ஒன்றை எடுத்துவிட்டேன். 1927-இல் அமெரிக்காவில் படம் பேச ஆரம்பித்தபோது, வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் துணை நிறுவனமான ஈஆர்பிஐ, தியேட்டர்களுக்கு ஒலிக்கருவியை விற்கவில்லை. குத்தகைக்கு விட்டது. சர்வீஸ் கட்டணம் வாராவாரம் தனி. ரிப்பேர் என்றால் அவர்கள் ஆள்தான் வரவேண்டும். “அவ்வளவு பெரிய கம்பெனியே அப்படித்தான் செஞ்சிருக்கு அண்ணாச்சி.”

“அப்போ அங்கயும் தியேட்டர்காரன் என்னைய மாதிரி அழுதுருக்கான்” என்றார் அவர். அழத்தான் செய்தார்கள். கோர்ட் வரைக்கும் போனது. அதை நான் சொல்லாமல் விட்டிருந்தேன். அவருடைய மச்சினர் ஒருவர் சினிமா விநியோகத்தில் இருந்தவராம். அந்தத் தைரியத்தில் 2018-ஐ எடுத்தார். அந்த வருஷம் மார்ச் 1-ஆம் தேதியிலிருந்து ஏப்ரல் வரை புதுத் தமிழ்ப்படம் வராமல் நின்றதே, தியேட்டரில் டிஜிட்டல் கருவி வைத்திருக்கும் கம்பெனிகள் வாங்குகிற கட்டணத்தை எதிர்த்துத்தானே தயாரிப்பாளர்கள் நிறுத்தினார்கள்? “பெட்டி எவன்கிட்ட இருக்கோ அவன் வச்சதுதான் சட்டம். அதாம்டே நான் பெட்டியை வாங்குதேங்கேன்.”

உண்மைதான். உதாரணம் சொல்லி வியாபாரம் பேசுகிறவன், எதிராளியின் மச்சினர்கள் யார் யார் என்று முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

கடைசியில் என்னைக் காப்பாற்றியது ஒலி மாசு விதிகள், 2000. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று அதில் இருக்கிறது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று வரம்பும் உண்டு. தவிலின் முதல் தட்டே அதைத் தாண்டிவிடும் என்பது வேறு கதை. ஒரு ரிசப்ஷன் பத்தரையைத் தாண்டியது. மண்டபத்து முன்வாசல் பந்தலில் கட்டியிருந்த பெட்டி அலறிக்கொண்டிருந்தது. போலீஸ் வந்தது. வந்தவர் மாப்பிள்ளையைக் கேட்கவில்லை, பாடகரைக் கேட்கவில்லை. ஒரே கேள்விதான் கேட்டார்: “செட்டு யாருது?”

அன்றைக்கு அண்ணாச்சி எனக்கு அண்ணாச்சியாக இல்லை. “வாடகைச் செட்டு சார், இந்தா நிக்கான் பாருங்க” என்று என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். ஆம்பிளிஃபயரும் நானும் ஸ்டேஷனுக்குப் போனோம். அவர் பந்திக்குப் போனார்.

அதை நினைவுபடுத்தினேன். “வாங்கிக்கோங்க அண்ணாச்சி. அடுத்த தடவை போலீஸ் கேட்டா யாரைக் காட்டுவீங்க?”

அவர் பில் கம்பியை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். காபி வரவழைத்தார். அதுவரை காபி வரவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

பேசிப் பேசி ஒரு வழிக்கு வந்தோம். சுவரில் அறைந்த பெட்டிகளும், சுவருக்குள் ஓடும் வயரும் அவருக்கு விலைக்கு. அசையாதது உரிமையாளரிடம் இருப்பதுதான் நியாயம். பழுதானாலும் அதைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வரமுடியாது. மைக், மிக்சர், ஆம்பிளிஃபயர், பஞ்சு அலசுகிற பையன், இவையெல்லாம் என் பெயரில், மாசக் குத்தகைக்கு. ஆடியிலும் மார்கழியிலும் வாடகை பாதி. அந்த மாதங்களில் மண்டபத்துக்கு வேண்டிய அளவு விட்டுவிட்டு மிச்சத்தைக் கொடைக்கு எடுத்துப்போவேன். வயர்லெஸ் மைக்குக்கு பேட்டரி யார் போடுவது என்பதில் மட்டும் ஒரு மணி நேரம் போனது. மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து அவ்வளவு நேரம் ஆகவில்லை.

பத்திரத்தில் நான் கையெழுத்துப் போடப்போகும்போது அண்ணாச்சி கேட்டார்: “எங்க வீட்டு விசேஷத்துக்கும் பத்திரப்படிதானா? அதுக்குமா பில்லு போடுவே?”

“சேச்சே, வீட்டு விசேஷத்துக்குப் போய்... எத்தனை இருக்கும் அண்ணாச்சி?”

விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். மகள் மூணு. தம்பி பிள்ளைகள். அந்த விநியோக மச்சினரின் இரண்டு பெண்கள், அவர்களுடைய சடங்கு, பிள்ளைகளுக்குக் காதுகுத்து. கை விரல் தீர்ந்து, மறுபடி கட்டைவிரலுக்கு வந்து, பழைய பங்காளி வீட்டு அறுபதாம் கல்யாணத்தில் நின்றபோது நான் பேனாவை மூடிவிட்டேன்.