வானம் தோண்டாமல் சபை கட்டுவது எப்படி?

சித்தூர் மாவட்டத்து வெதுருகுப்பம் பக்கம் ஊழியம் தொடங்கப்போகும் சகோதரரே, முதலில் போர்டு எழுதக் கொடுத்துவிடுங்கள். மேலே தெலுங்கு, கீழே தமிழ், நடுவில் 'இன்டர்நேஷனல்'. பெயின்ட் காய்வதற்குள் இடம் பார்த்துக்கொள்ளலாம்.

இடம் என்றதும் பாறைமேல் வீடு, மணல்மேல் வீடு என்று மத்தேயு ஏழாம் அதிகாரத்தை யாராவது எடுத்துக்கொண்டு வருவார்கள். பயப்படாதீர்கள். நம் வட்டாரத்தில் கடப்பாரையை நாலு போடு போட்டாலே 'ணங்' என்று பாறை பதில் சொல்லும். பாறைக்கு இங்கே யாரும் காசு கொடுப்பதில்லை. ஆற்று மணலுக்குத்தான் டிராக்டர் டிராக்டராய்ப் பணம் இறைக்க வேண்டும். ஆகவே சித்தூர் மாவட்டத்தில் மணல்மேல் கட்டுகிறவர் புத்தியில்லாதவர் அல்ல, செல்வாக்குள்ளவர். தனுஷ்கோடியைப் பாருங்கள்: 1964 டிசம்பர் புயலில் ரயில் நிலையமும் ஊரும் போயின, மணலில் நின்ற தேவாலயத்தின் சுவர்கள் மொட்டையாக இன்னும் நிற்கின்றன. உவமைக்கு எதிர்ச்சாட்சி வேண்டுமானால் இதையே சொல்லலாம். கூரை எங்கே என்று யாரும் கேட்காதவரை.

இடைஞ்சல் லூக்காவிடம்தான். அதே கதையைச் சொல்ல வந்தவர், வீடு கட்டியவன் ஆழமாய்த் தோண்டினான் என்று ஒரு வேலையைக் கூடச் சேர்த்துவிட்டார். கடைக்காலுக்கு எடுக்கும் பள்ளத்தை நம் மேஸ்திரிகள் 'வானம்' என்பார்கள். வானம் தோண்டுவது, வானம் எடுப்பது. கூட வேலை செய்யும் தெலுங்குக்காரர் புனாதி என்பார். இரண்டிலும் ஒரே குறை: போட்டோவில் எடுபடாது. பணம் அனுப்பிய தூர தேசத்து நண்பருக்கு வெறும் பள்ளத்தைப் படம் பிடித்து அனுப்ப முடியுமா? சுவர் எழும்ப வேண்டும், ஸ்லாப் வர வேண்டும், சிலுவையில் சீரியல் பல்பு எரிய வேண்டும். "ஐயகாரு, இன்னும் ரெண்டடி போகணும்" என்று மேஸ்திரி இழுப்பார். "விசுவாசம் வேணும் மேஸ்திரி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

அடுத்தது அடிக்கல். பெயரில் மட்டும்தான் அடி. கண்மட்டத்துக்குக் கீழே ஓர் அங்குலம் இறங்கினாலும் அதற்கு மரியாதை போய்விடும். கருப்பு கிரானைட்டில் பொன்னெழுத்து: தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், நீங்கள், உங்கள் மனைவி, கடைசி வரியில் இடமிருந்தால் கர்த்தர். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தை அன்றைக்கு வாசிக்க விடாதீர்கள். அஸ்திபாரம் ஏற்கெனவே போட்டாகிவிட்டது, அது இயேசு கிறிஸ்து, வேறொன்று போட ஒருவராலும் ஆகாது என்று அங்கே எழுதியிருக்கிறது. கல்வெட்டில் எழுத்துக்கு இவ்வளவு என்று கொடுத்துச் செதுக்கிய பிறகு இதெல்லாம் காதில் விழக் கூடாது.

அதே அதிகாரத்தில் பவுல் தன்னைச் சிற்பாசாரி என்று சொல்லிக்கொள்கிறார். அவர் கைத்தொழிலோ கூடாரம் பண்ணுவது. அவர் ஒரு கட்டடம் கட்டியதாகவும் தெரியவில்லை. கொரிந்துவில் ஒன்றரை வருடம் தங்கி, அஸ்திபாரத்தைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். மேலே கட்ட வந்தவர் அப்பொல்லோ. இப்படி விட்டுவிட்டுப் போனால் குடும்பத்துக்கு என்ன மிஞ்சும்? மகனுக்கு இப்போதே 'யூத் பாஸ்டர்' பட்டம் கொடுத்துவிடுங்கள். அடுத்தவர் போட்ட அஸ்திபாரத்தின்மேல் தான் கட்டுவதில்லை என்று பவுல் ரோமருக்கு வேறு எழுதியிருக்கிறார். இருக்கிறதிலேயே செலவு குறைந்த அஸ்திபாரம் அடுத்தவருடையதுதான் என்பது அவருக்குத் தெரியவில்லை. எதிர்ச் சாரியில் பழைய சபை ஒன்று இருந்தால் ஒலிபெருக்கியை அந்தப் பக்கம் திருப்பி வையுங்கள், போதும்.

பேதுரு விசுவாசிகளை ஜீவனுள்ள கற்கள் என்கிறார். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜீவனுள்ள கல்லுக்குக் கால் உண்டு. இந்த வாரம் உங்கள் சுவர், பிரியாணி போட்டால் அடுத்த வாரம் வேறு சுவர். இன்னொன்று, பக்கத்துக் கல் எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று விசாரித்துவிட்டுத்தான் உட்காரும். இதற்குச் சுண்ணாம்பு இல்லை, சிமென்ட் இல்லை. இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பவுல் சபையில் பேசுவது எதற்காக என்று விளக்கும்போது சொல்லும் கிரேக்கச் சொல்லுக்கு வீடு கட்டுதல் என்றே பொருள். நம் தமிழ் வேதாகமத்தில் அது 'பக்திவிருத்தி' ஆகிவிட்டது. செங்கல் வாசனை போய்ச் சாம்பிராணி வாசனை வந்துவிட்டது. 'கட்டுவது' என்று நேராகவே வைத்திருக்கலாம். பக்கத்துப் புத்தூரில் கட்டு என்றால் எலும்புக்கு. முறிந்த கையைப் பொருத்தி, பத்தை வைத்து இழுத்துக் கட்டி அனுப்புகிறார்கள். பவுல் மனதில் இருந்தது ஏறக்குறைய அந்த வேலை. ஆனால் அதற்குப் பிளான் அப்ரூவல் கிடையாது, திறப்பு விழாவும் கிடையாது. விடுங்கள்.

கமிட்டிக்கு நெகேமியாவிடம் ஆள் தேடலாம். எருசலேம் அலங்கம் 52 நாளில் முடிந்தது. கட்டியவர்கள் பட்டியலில் தட்டார் உண்டு, தைலக்காரர் உண்டு, சல்லூம் என்பவருடைய குமாரத்திகளும் உண்டு. இவர்கள் யாரும் நமக்கு வேண்டாம், வேலை செய்துவிடுவார்கள். தெக்கோவா ஊர்ப் பெரிய மனிதர்கள் மட்டும் கழுத்தைக் கொடுக்க மாட்டோம் என்று நின்றார்கள் அல்லவா, அவர்களைப் பொருளாளராகவும் கௌரவத் தலைவராகவும் போட்டுக்கொள்ளுங்கள். கல்வெட்டில் இன்னும் இடம் இருக்கிறது.

பின்பற்றக் கூடாத ஆட்களையும் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா தெலுங்கு நாட்டுக்குப் போய் தோர்ணக்கல்லில் உழைத்தார். 1912இல் பிஷப் ஆனார். இந்தியர்களில் முதல் ஆங்கிலிக்கன் பிஷப் அவர்தான். அவருடைய பேராலயம் பிரதிஷ்டையானது 1939இல். 27 வருடம் கழித்து! அதற்குள் ஊர் ஊராகச் சபை எழும்பிவிட்டது. கட்டடம்தான் பின்னால் நடந்து வந்தது. வந்த கட்டடத்திலும் கோவில் தூண், மசூதிக் குவிமாடம் எல்லாம் கலந்திருக்கிறது. நம் சித்தூரையே ஆதி நிலையங்களில் ஒன்றாகக் கொண்டு 1853இல் ஸ்கடர் சகோதரர் மூவர் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். அந்தக் குடும்பத்துப் பெண் ஐடா 1900இல் வேலூரில் ஆரம்பித்தது ஒரே ஒரு கட்டில். இன்று நம் ஊர் நோயாளிகள் பஸ் ஏறிப் போகும் ஆஸ்பத்திரி அதிலிருந்து வந்ததுதான். ஒரு கட்டிலுக்கு ரிப்பன் வெட்ட எந்த எம்எல்ஏ வருவார்?

பொருள் தேர்வில் தாராளமாக இருங்கள். பொன், வெள்ளி, விலையேறப்பெற்ற கல் ஒரு பக்கம். மரம், புல், வைக்கோல் மறுபக்கம். எது நிற்கும் என்பதைக் கடைசியில் நெருப்புதான் சோதிக்கும் என்கிறார் பவுல். கொரிந்து கி.மு. 146இல் ரோமர் கையில் எரிந்து, நூறு வருடம் கழித்து ஜூலியஸ் சீசர் மறுபடி குடியேற்றிய ஊர். அங்கே நெருப்பு என்று சொன்னால் விளக்கம் தேவைப்பட்டிருக்காது. நம் பஞ்சாயத்துப் படிவத்தில் அந்தச் சோதனைக்குக் கட்டமே இல்லை. மேலும், வேலை வெந்துபோனாலும் கட்டினவன் தப்புவான் என்று ஒரு ஆறுதலையும் அவரே எழுதிவைத்திருக்கிறார். அந்த ஒரு வரியை நம்பி மொத்தக் கூரையும் வைக்கோலில் போடலாம்.

கடைசியாகச் சாரம். தெலுங்கில் வெதுரு என்றால் மூங்கில். மூங்கிலின் பெயர் கொண்ட ஊரில் சாரத்துக்கு மட்டும் மரியாதை குறையலாமா? கட்டடம் முடிந்ததும் சாரத்தைப் பிரித்துவிட வேண்டும் என்பது கொத்தனார் சம்பிரதாயம். நமக்கு அது ஒத்துவராது. சாரத்தின்மேல் நின்றால்தான் கீழே இருப்பவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். சுவர் வெளியே தெரியவில்லையே என்று யாராவது முணுமுணுத்தால், கயிற்றை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டுங்கள். மேஸ்திரி வந்து நிற்பார். பெனுமூரில் ஒரு பள்ளிக்கூடத்து வேலை வந்திருக்கிறது, கழியெல்லாம் வேண்டும் ஐயகாரு, டிராக்டர் வாசலில் நிற்கிறது என்பார்.

அடுத்த வாரம் வரச் சொல்லுங்கள்.