வாயை மூடத் தெரிஞ்ச சுவிட்ச்

இன்னாடா பேராண்டி, ரெண்டு சீட்டு விமானத்துக்கு ரேடியோ, இன்டர்காம் சுவிட்ச் எல்லாம் நீயே வயரிங் பண்ணப் போறியாமே? கேளம்பாக்கம் டீக்கடை வரைக்கும் சேதி வந்தாச்சு. பண்ணு ராசா, பண்ணு. படூர்ல ஏரோநாட்டிக்கல் படிக்கிறவன் நீ. கோவளத்துக்கும் திருப்போரூருக்கும் திருவிழா மைக் செட்டு கட்டின கிழவன் நான். என் பேச்சு புடிக்கலேன்னா போற வழியில உப்பளத்துல கொட்டிட்டுப் போ.

உன் புஸ்தகத்தைப் புரட்டினேன். பைலட் கைப்புடியில ஒரு பட்டன். அமுக்கினா ஒரு வயர் எர்த் ஆவுது, ரேடியோ வெளியில பேசுது. அவ்ளோதான் சூட்சுமம். அந்த வயரை நீ பேனல் விளிம்புல உரசுற மாதிரி இழுத்துக் கட்டு. மேல்தோல் தேஞ்சு தகரத்துல பட்டதும், பட்டனைத் தொடாமலே ரேடியோ பேசிக்கினே இருக்கும். நீயும் உன் சிநேகிதனும் அளக்குற கதையெல்லாம் மீனம்பாக்கம் டவருக்கே கேக்கும். போன் செலவு மிச்சம்!

ஆனா நீ வாயை மூடுற வரைக்கும் அந்த அலைவரிசையில வேற எவனும் ஒழுங்காப் பேச முடியாது. 118லேருந்து 137 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் விமானப் பேச்சு இன்னிக்கும் ஏ.எம்.தான். ரெண்டு பேர் ஒண்ணாப் பேசினா கீய்ய்னு ஊளைதான் மிஞ்சும். 1977 மார்ச் 27, டெனரீஃப் தீவு, கண்ணு தெரியாத மூடுபனி. "பொறு, கூப்பிடுறேன்"னு டவர் சொல்றப்பவே, "நாங்க இன்னும் ஓடுபாதையிலதான் இருக்கோம்"னு பான் ஆம் விமானம் சொல்லுது. ரெண்டு பேச்சும் மோதி, அதே ஓடுபாதையில கிளம்பின கே.எல்.எம். விமானிங்க காதுல விழுந்தது ஊளை. அன்னிக்கு ரெண்டு விமானமும் மோதிச் செத்தவங்க 583 பேர். அதுக்குக் காரணம் வேறயும் உண்டு. ஆனா அந்த ஊளையும் ஒண்ணு.

அடுத்தது இரைச்சல். இதுல மட்டும் தாத்தன்தான் உனக்கு வாத்தியார். மைக் வயரோட மேல்வலையை ரெண்டு முனையிலயும் எர்த் பண்ணினா பெட்டி ஊம்முன்னு முனகும். ஒரு முனையில மட்டும் பண்ணினா வாயை மூடிக்கும். விமானத்துலயும் அதே கதைதான். இன்ஜின் வேகம் ஏற ஏற ஆல்டர்னேட்டர் கீச்சுக்குரலும் ஏறும். மைக் ஜாக்கை நேரா தகரத்துல முடுக்காதே. நடுவுல ஃபைபர் வாஷர் போடு. பத்து ரூபாய் வாஷருக்கு கஞ்சத்தனம் பண்றவன் அப்புறம் பத்தாயிர ரூபாய் ஹெட்செட்டைக் குறை சொல்வான்.

இன்ஜின் ஸ்டார்ட் பண்றப்ப ரேடியோ மாஸ்டர் சுவிட்ச் ஆஃப்ல இருக்கணும். அது உனக்கே தெரியும், பரீட்சையில எழுதிட்டு மறந்திருப்பே.

கடைசியா ஒண்ணு. இன்டர்காம் பெட்டி செத்தாலும் பைலட்டோட ஹெட்செட் நேரா முதல் ரேடியோவுக்குப் போற மாதிரி வயரிங் இருக்கணும். என்னை ஏத்திக்கினு மாமல்லபுரம் கடற்கரையைச் சுத்திக் காட்டுறேன்னு சொன்னியே, முதல்ல தரையிலயே அந்தப் பெட்டியை ஆஃப் பண்ணிட்டு டவர்கிட்ட பேசிக் காட்டு. கேட்டா வேட்டி மாத்திக்கினு வரேன். கேக்கலேன்னா, உனக்கு மார்க் போட்ட வாத்தியாரை ஏத்திக்கினு போ.